பெக்கோ இறங்கிப் போகிறது

நமுனுகுல போகும் பாதையில் எங்கள் பஸ் நிற்கிறது. முன்னால் ஒரு லொறியில் மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை ஏற்றுகிறார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஓரமாகக் கூடி நிற்கிறார்கள். இறங்கிப் போய், செல்வராணி என்ற பெண்ணிடம் என்ன நடக்கிறது என்று கேட்கிறேன்.

"மேல ஊத்துக்கிட்ட ஹோட்டல் கட்ட வந்தாங்க. அந்தத் தண்ணியத்தாங்க எங்க லயத்து வீடுகள்ல குடிக்கிறோம். மண்ணு வெட்டுனதும் ஒரே சேறா வந்துச்சு. பிரதேச சபைக்குப் போயி சொன்னோம். ஊத்துக்கும் ஓடைக்கும் பக்கத்துல யாரும் கட்டக்கூடாதுன்னு இப்ப சட்டம் போட்டுட்டாங்க."

"உடனே வேலையை நிறுத்திட்டாங்களா?"

"எங்கங்க. நாங்க போயி பெக்கோவுக்கு முன்னால உக்காந்தோம். அதுக்கப்புறந்தான் நின்னுச்சு."

லொறி புறப்படுகிறது. அது வளைவில் மறையும்வரை எல்லோரும் பார்த்து நிற்கிறார்கள். மறைந்ததும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு, ஊற்றைப் பார்க்க மலையேறுகிறார்கள். எனக்கும் கால் நிற்கவில்லை; கூடவே நடக்கிறேன்.

"பஸ் போயிருமுங்க," என்கிறாள் செல்வராணி.

"போகட்டும். அடுத்ததுல போறேன்."

அவள் சிரித்துக்கொண்டே முன்னால் ஓடுகிறாள். மூச்சு வாங்க நான் பாதி ஏறும்போதே மேலேயிருந்து அவள் குரல் கேட்கிறது:

"தண்ணி தெளிஞ்சிருச்சுங்க. அடியில கல்லு தெரியுது."