வீம்புக்குப் போட்ட சோப்பு

நான் சோப்பு செய்ய ஆரம்பித்ததற்குக் காரணம் ஆர்வமும் இல்லை, ஆரோக்கியமும் இல்லை. வீம்பு. என் ஓரகத்தியின் வாயை அடைக்க வேண்டும் என்கிற ஒரே வீம்பு.

பிறந்து வளர்ந்தது அல்லிநகரம். ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுக்கு இரண்டாவது மருமகளாகப் போனேன். மூத்த மருமகள் எனக்கு ஆறு வருடம் முன்பே அங்கே வந்துவிட்டவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிடும்போதே பல்லைக் கடித்துக்கொள்வேன். நெருக்கமாகக் காய்த்த திராட்சைக் கொத்தில் கத்தரியை விட்டுப் பிஞ்சு கழிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் வீட்டில் எதற்கும் அவள் சொல்தான் சொல். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று நான் சொன்னால்கூட மாமியார் திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் தலையாட்டினால்தான் உப்புக் கூடியதாகக் கணக்கு. ஐந்து வருடம் இப்படி. நான் சொன்ன ஒரு சொல்லை அந்த வீடு ஒரு தடவையாவது அப்படியே நம்பியிருந்தால் சோப்பும் வேண்டாம், சீயக்காயும் வேண்டாம் என்று கிடந்திருப்பேன்.

தேனியில் பெண்களுக்கு ஒரு நாள் சோப்புப் பயிற்சி என்று கேள்விப்பட்டுப் போய்வந்தேன். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அக்கா மாமியாரிடம் ஆரம்பித்துவிட்டாள்.

"தேனியில சோப்புச் செய்யச் சொல்லிக் குடுத்தாகளாம்ல? ஏற்கெனவே தையல் மிசினு வாங்குனா, தூசி படிஞ்சு கெடக்கு. காளான் வளத்தா, காளானே பூசணம் பூத்துப் போச்சு. இப்பச் சோப்பு! ஆத்தாடி, இனி கம்பெனிக்காரனெல்லாம் கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

மாமியார் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குச் சுருக்கென்றது.

சமையல் பாத்திரம் எதையும் தொடக் கூடாது என்று அவள் உத்தரவு. "சோறாக்குற சட்டியில வெசத்தக் காச்சுனே, கைய ஒடிச்சிருவேன்." நல்லவேளை, நானும் புது எவர்சில்வர் பாத்திரம்தான் வாங்கியிருந்தேன். திராட்சைக்கு மருந்தடிக்கிற கையுறையையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தேன். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொட்டியதும் அடுப்பே இல்லாமல் அது கொதி கொதியென்று சூடேறியது. புகை மூக்கில் ஏறி இருமல் வந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்று, "இங்கன வச்சு வீட்டோட கொளுத்தப் போறியா?" என்றாள். அந்தக் கரைசலை அவள் காலடியில் கொட்டிவிடலாமா என்றிருந்தது, அப்படி ஓர் ஆத்திரம்.

பயிற்சி கொடுத்த அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: எல்லாவற்றையும் எடை போடுங்கள், எண்ணெய் உட்பட. காஸ்டிக்கைக் கிராம் சுத்தமாக நிறுத்தேன். ஆனால் எண்ணெயை எங்கள் பக்கம் எவர் நிறுக்கிறார்? செக்கில் வாங்கிய லிட்டர் பாட்டில் கையில் இருந்தது. லிட்டர் என்றால் கிலோதானே, தண்ணீருக்கு அப்படித்தானே என்று அப்படியே கவிழ்த்துவிட்டேன். அதில் குப்பைமேனியும் வேப்பிலையும் முன்பே ஊறப் போட்டிருந்தேன். கலக்கி, கெட்டியானதும் அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி எடுத்தால் பன்னிரண்டு கட்டி. பச்சைப் பசேலென்று, பார்க்க அவ்வளவு லட்சணம்.

அன்றைக்குச் சாப்பிடும்போது நான் கொஞ்சம் துள்ளித்தான் விட்டேன். "ஒரு மாசம் காயணும். அப்பறம் படை, சொறி, அரிப்பு, எதுக்குப் போட்டாலும் கேக்கும்" என்றேன்.

"அப்பச் சரி, உத்தமபாளையத்துல ஆசுபத்திரிய இடிச்சிரச் சொல்லு" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே தன் முன்கையைச் சொறிந்தாள். மருந்தடித்த கொடிகளுக்குள் வருடக்கணக்காகக் கை விட்டதில் அவளுக்கு முழங்கைவரை கறுத்துத் தடித்திருந்தது. எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது.

திராட்சை அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் செய்தித்தாள் விரித்துக் கட்டிகளைப் பரணில் காய வைத்தேன். ஒரு மாதம் கழித்து, சொல்லிக் கொடுத்தபடி ஒன்றை எடுத்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன். பேட்டரியை நக்கியது போலச் சுரீரென்று இழுத்தது. நன்றாக விளைந்த சோப்பு நாக்கைக் கடிக்காது, இது கடித்தது. ஓடிப்போய் இன்னொரு லிட்டர் எண்ணெய் வாங்கி வந்து தராசில் வைத்தேன். கிலோவுக்கு எண்பது கிராம் குறைச்சல். அந்த எண்பது கிராம் எண்ணெய் தின்றிருக்க வேண்டிய காஸ்டிக் அத்தனையும் சோப்புக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. அறிவுகெட்ட முண்டம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இதற்கு வழி உண்டு. துருவி, விட்டுப்போன எண்ணெயைச் சேர்த்து, மறுபடி உருக்கினால் சரியாகிவிடும். துருவலாம் என்று பெட்டியை இறக்கி எண்ணினேன். நாக்கில் வைத்ததையும் சேர்த்துப் பதினொன்றுதான் இருந்தது.

யார் எடுத்திருப்பார்கள் என்று யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் குளித்துவிட்டு வரும்போது குப்பைமேனி வாசனை என் மூக்குக்குத் தெரியாதா? ஊரெல்லாம் கேட்கும்படி நக்கல் செய்துவிட்டு, திருட்டுத்தனமாக என் சோப்பைப் போட்டுக் குளிக்கிறாள்! எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, குதூகலம்.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்றைக்கே வாயைத் திறந்து, "அக்கா, அந்தச் சோப்பப் போடாதீங்க, காரம் கூடிருச்சு" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தப்பாகப் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் வாய்க்கு அவல் போட்டதாகிவிடும். துருவுவதையும் தள்ளிப்போட்டேன். பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினேன். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எரியட்டும் என்றுதான் வைத்தேன்.

பத்து நாளில் இன்னொரு கட்டியும் போனது. அப்போதும் பேசாமல் இருந்தேன்.

பழம் வெட்டுகிற சமயம் வந்தது. ஒரு நாள் காலையில் லாரி வந்து நிற்கிறது, அவள் மட்டும் தோட்டத்துக்குக் கிளம்பாமல் அடுக்களையில் நின்றாள். மாமியார் உள்ளே போய் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துவந்தார். இரண்டு கையிலும் தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் செக்கச் செவேலென்று கிடந்தது. கத்தரி பிடிக்க விரல் மடங்கவில்லை.

"என்னத்தா இது?"

அவள் அழவில்லை. "இவ சோப்புத்தான். ரெண்டு கட்டி எடுத்தேன்" என்றாள். "அரிப்புக்குக் கேக்கும்னு சொன்னாள்ல? மொத நாளே எரிஞ்சுச்சு. எரிஞ்சா மருந்து கேக்குதுன்னுல்ல நெனச்சேன். எரிய எரியத் தேச்சேன்."

அந்த வீட்டில் என் பேச்சை நம்பிய ஒரே ஆள் அவள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாமியார் அவள் கையை உதறினார். "களவாண்டு போட்டுட்டு அவளக் கொற சொல்றியா? வெக்கமா இல்ல? அவதான் யாருக்கும் குடுக்கலேல்ல?" என் கணவரும், "மதினி, கேக்காம எடுத்தா அவ என்ன பண்ணுவா?" என்றார். அவள் கணவர் தலையைக் குனிந்துகொண்டு லாரிப் பக்கம் நடந்தார். கட்டிய பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள். "ஒனக்குத் தெரியுமா, அது சரியில்லேன்னு?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"எனக்கு என்னக்கா தெரியும்? நானே இன்னும் போட்டுப் பாக்கலையே" என்றேன்.

"அதான, அவளுக்கு என்ன தெரியும்" என்றார் மாமியார். அக்காவின் முகத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.