ஒரு நண்பரைச் சேர்த்தால்

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. லைனில் வரும் பீஸைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, சரியில்லாததை ரிஜெக்ட் செய்ய வேண்டும். அந்தப் புத்தி அறைக்கும் கூடவே வந்துவிடும். கிரிக்கெட் பந்தயச் செயலிகள் அனுப்பும் போனஸ்களையும் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தேன். வேறென்ன வேலை? என் போனுக்கு வந்த செய்திகளே அவைதான்.

ஆயிரம் போட்டால் இன்னோர் ஆயிரம் இலவசம் என்பார்கள். நிபந்தனையைத் திறந்தால், அந்த ஆயிரத்தைப் பதினைந்து தடவை பந்தயத்தில் ஓட்டிய பிறகுதான் கையில் எடுக்கலாம், அதுவும் ஏழு நாளுக்குள். ஓட்டி முடிப்பதற்குள் இலவசமும் போயிருக்கும், நாம் போட்டதும் போயிருக்கும். இலவசப் பந்தயம் என்று இன்னொன்று. ஜெயித்தால் லாபம் மட்டும் வரும், கட்டிய தொகை வராது. தீபாவளி போனஸுக்கு இப்படி நிபந்தனை போட்டால் கம்பெனி வாசலில் உட்கார்ந்துவிடுவோம். இதற்கு மட்டும் ஏன் பல்லை இளிக்கிறோம் என்று ஆத்திரமாக வரும். எல்லாம் ரிஜெக்ட்.

ஒன்று மட்டும் தேறியது. ஒரு நண்பரைச் சேர்த்துவிட்டால், அவர் பணம் போட்ட அன்றே எனக்கு ஐந்நூறு ரூபாய். எதையும் ஓட்ட வேண்டாம், நேராக வங்கிக்கு வந்துவிடும். மூன்று தடவை படித்தேன். ஓட்டை இல்லை.

நண்பருக்கு எங்கே போவது? போனில் இருந்த பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். சூப்பர்வைசர், கேன் தண்ணீர்க்காரர், அறை பிடித்துக் கொடுத்த மண்ணூர் புரோக்கர், கம்பெனி பஸ் டிரைவர். கடைசியில் என் அறையில் இருந்த தென்காசிக்காரன்தான் மிஞ்சினான். எனக்குப் பகல் ஷிப்ட் என்றால் அவனுக்கு இரவு. வாரம் மாறினாலும் எதிரெதிராகவே மாறும். எட்டு மாதம் ஒரே பாயில் மாறி மாறிப் படுத்திருக்கிறோம். பேசியதெல்லாம் மோட்டார் போடு, சாவி எங்கே என்பதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அறையில் இருந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க பாத்துட்டுதானண்ணே சொல்லுதிய?" என்றான்.

"பாத்துட்டேன் தம்பி. ஓகேதான்."

"அப்பம்னா அனுப்புங்க."

நிபந்தனையைத் திறக்காமலேயே பணத்தைப் போட்டான். எனக்கு ஐந்நூறு வந்தது, அவன் கணக்கில் சேர்ந்ததற்கான போனஸ் ஏறியது. ஆனால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அவன் பேச்சு. அதற்குப் பிறகு ஷிப்ட் இடைவேளையில் தினமும் கூப்பிடுவான். யார் அவுட், யார் மேல் கட்டலாம் என்று கேட்பான். என்னைத் தேடி ஒருவன் போன் செய்கிறான் என்பதே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவன் கட்டும் தொகை ஏறிக்கொண்டே போனது எனக்குத் தெரியும். நிறுத்து என்றால் போனும் நின்றுவிடுமோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு காலையில், நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஷிப்ட் முடித்து வந்தான். பைக் வாங்கச் சேர்த்தது முழுவதும் போய்விட்டிருந்தது.

"என் போனஸ பதினஞ்சு தடவ ஓட்டணுமாம்லண்ணே. அதுக்காவத்தான் கட்டிக்கிட்டே இருந்தேன். நீங்க அத பாக்கலியா?"

பார்த்திருந்தேன். எனக்கு வரும் பக்கத்தைச் சரிபார்த்துவிட்டு, நானே கழித்துப்போட்டதை அவன் தலையில் கட்டியிருந்தேன்.

"கவனிக்கல தம்பி" என்று பொய் சொன்னேன்.

அந்த வாரமே வாலாஜாபாத் பக்கம் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். ஐந்நூறை அவனுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதாமல் திருப்பி அனுப்பினான்.

"இன்னாப்பா, அந்தத் தம்பி திடீர்னு காலி பண்ணிக்கினு பூட்டான்? சண்டையா?" என்று வீட்டுக்கார அக்கா கேட்டார்.

"அதெல்லாம் இல்லக்கா" என்றேன். திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

அந்தச் செயலி இன்னும் என் போனில் இருக்கிறது. பந்தயம் எதுவும் கட்டுவதில்லை. திறந்தால் முதல் பக்கத்திலேயே 'உங்கள் நண்பர்கள்: 1' என்று காட்டுகிறது. அழிக்க எனக்கு மனம் வரவில்லை.