வைதேகி மேடம் திரும்பப் பெற்ற ஆய்வு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை முலுண்ட் லோக்கல் ரயிலில் எங்கள் அலுவலகத்துப் பழைய பியூன் சகாராம் கூட்டத்தை இடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "மேடம் சலீ கயீ, சுந்தரம் சாப்" என்றார், மேடம் போய்விட்டார் என்று. எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு ஒரே மேடம்தான். தாதரில் இறங்க மறந்துவிட்டேன்.

டாக்டர் வைதேகியைக் குற்றவியல் நிபுணராக உங்களில் பலர் அறிவீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், அரசின் நன்னடத்தைப் பிரிவுக்கு அவர் தலைமை அதிகாரி, நான் எழுத்தர். என்னைவிட இரண்டு வயது சிறியவர். ஆனாலும் அவர் அறைக்குள் போகும்போது என் செருப்புச் சத்தம் தானாகக் குறையும். தண்டனை விதிக்கும் முன் நீதிமன்றம் எங்களிடம் அறிக்கை கேட்கும். முதல் தடவை தவறியவர் என்றால் எச்சரித்து வீட்டுக்கு அனுப்பலாம். பழங்குற்றவாளி என்றால் சிறைதான்.

அறிக்கையை அனுப்பும் முன் சம்பந்தப்பட்டவரையே உட்காரவைத்து, அவர் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்வார் மேடம். வேறு எந்த அலுவலகத்திலும் இப்படி ஒரு கூத்து கிடையாது. நான் முணுமுணுத்தால், "யாரைப் பத்தி எழுதறோமோ, அவா காதுல விழாம ஒரு வரி கோர்ட்டுக்குப் போகப்படாது" என்பார்.

ஒருநாள் தாராவி தோல் பட்டறைத் தொழிலாளி இசக்கிமுத்து வந்தார். குழாயடிச் சண்டையில் ஒருவர் மண்டையை உடைத்த வழக்கு. கூடவே மனைவி முப்பிடாதி. பழைய திருட்டுத் தண்டனைகளை நான் வாசிக்க வாசிக்க இசக்கிமுத்து எழுந்துவிட்டார்.

"ஏ சாரே, இது எங்கண்ணன் இசக்கிப்பாண்டி செஞ்சதுல்லா! நான் போலீஸ் டேசன் வாசல மிதிச்சதே இந்த ஒரு தடவதான்."

"இவுக உள்ள போயிட்டா எம்பிள்ளைய கதி என்னம்மா?" என்று முப்பிடாதி மேடத்தின் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் சொல்லும் கதைதான் என்று நான் நினைத்தேன். மேடம் மட்டும் எழுந்துபோய், பழைய தண்டனைகளைக் குறித்துவைக்கும் அட்டைகள் இருந்த பெட்டியைத் திறந்தார். எங்கள் அட்டைகளில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். சொந்தப் பெயருக்கு முதலெழுத்து மட்டும். மாட்டுங்கா பிராமணர்களான எங்களுக்குச் சாதிப் பெயர் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டது. தாராவித் தமிழர்களுக்கு அங்கே அப்பா பெயரை எழுதிவிடுவது என் வழக்கம். அண்ணன், தம்பி இருவரும் 'சுடலைமுத்து இ.' ஆகிவிட்டார்கள். அண்ணனின் திருட்டெல்லாம் தம்பியின் தலையில் விழுந்திருந்தது.

அது ஒரு அட்டையோடு நிற்கவில்லை. தெற்கிலிருந்து வந்தவர்கள் திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறார்கள் என்று மேடம் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய ஆய்வு, அந்த அட்டைகளின் மேல்தான் நின்றது. டில்லியில் அச்சுக்குப் போயிருந்தது. அதை நம்பி அங்கேயே அவருக்கு ஒரு பெரிய பதவியும் காத்திருந்தது. அடுத்த மூன்று வாரம் மேடம் தாராவிச் சந்துகளில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். ஒவ்வொரு அட்டையாகப் பிரித்தோம். பிரிக்கப் பிரிக்க ஆய்வு கரைந்துகொண்டே போனது. அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. 

ஆய்வைத் திரும்பப் பெறும் கடிதத்தை என்னிடமே டைப் செய்யக் கொடுத்தார். 'தவறு என்னுடையது' என்றிருந்தது. "அட்டை எழுதினது நான், மேடம்" என்றேன்.

"அதை நம்பி ஒரு ஊர் ஜனத்தையே குத்தவாளியாக்கினது நான். டைப் பண்ணுங்கோ."

நீதிமன்றத்திலும் அதையே சொன்னார். இசக்கிமுத்து எச்சரிக்கையோடு வீட்டுக்குப் போனார். டில்லிப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. தன் கையால் தன் பெயரை அழித்துவிட்டு, மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்து அடுத்த கோப்பைக் கேட்டவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. 

அதன் பிறகு மாட்டுங்கா சபைகளில், செம்பூர்க் கல்யாணப் பந்திகளில், "அந்தப் பொம்மனாட்டி ஆராய்ச்சில கோட்டை விட்டவ" என்று பேசிக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவரை அறிந்த உங்கள் எல்லோரிடமும் இப்போது சொல்கிறேன்: அந்த அட்டைகளை எழுதியவன் நான். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இதைச் சொல்லும் துணிவு மட்டும்தான். அதுவும் அவர் காதில் விழாத நாளில்தான் எனக்கு வந்திருக்கிறது.