பந்தைத் தட்டாத மச்சாள்

என் மச்சாளை நினைக்கும்போதெல்லாம் அவள் அசையாமல் நிற்கும் கணம்தான் முதலில் கண்ணுக்குள் வரும். ஒன்பது பெண்கள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் பந்தை நெஞ்சோடு பிடித்து, இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல நிற்பாள். கூடைப்பந்தில் யாரும் அப்படி நிற்பதில்லை. பந்து கைக்கு வந்தால் நிலத்தில் தட்டிக்கொண்டு ஓட வேண்டும், அதுதான் விளையாட்டு என்று லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நினைத்திருந்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகளைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பயிற்சி கொடுப்பவர், "நில், பார், பிறகு கொடு" என்று அந்தச் சிறுமிகளிடம் தொண்டை கிழியக் கத்துகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஒருவரும் கத்தாமலே இதைச் செய்த ஒருத்தியைத் தெரியுமா என்று பக்கத்தில் இருக்கும் தாய்மாரிடம் தொடங்கிவிடுவேன். தூரத்தில் நிற்கும் என் மகள் கண்ணை உருட்டுவாள். அவளுக்கு இந்தக் கதை மனப்பாடம்.

மச்சாள் என் தாய்மாமனின் மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். நான் எண்பதுகளின் நடுவில், சின்னப் பிள்ளையாக லண்டனுக்கு வந்தவள். அவளும் மாமியும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் மாதக்கணக்கில் காத்திருந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் லண்டனில் இருந்த மாமாவிடம் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் நான் முற்றிய லண்டன்காரி ஆகியிருந்தேன். பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் பந்தை முன்னுக்குக் கொண்டுபோகிற வேலை என்னுடையது. கால்களுக்கு நடுவில் தட்டுவேன், முதுகுக்குப் பின்னால் தட்டுவேன், பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இரண்டு தட்டு கூடவும் தட்டுவேன். மச்சாள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் கிழமையே, நாங்கள் மிஸ் என்று கூப்பிடும் விளையாட்டு டீச்சர் அவளுடைய உயரத்தைப் பார்த்துவிட்டு, எப்போதாவது விளையாடியிருக்கிறாயா என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நெட்போல் அணியில் இருந்தேன் என்றாள் அவள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று மிஸ் நினைத்துவிட்டார். அங்கே தொடங்கியது கூத்து.

நெட்போல் என்கிற வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்த இடத்திலேயே நிற்க வேண்டும், மூன்று செக்கனுக்குள் இன்னொருத்திக்கு எறிந்துவிட வேண்டும். எதிரணிக்காரி மூன்று அடி தள்ளித்தான் நிற்கலாம். ஒவ்வொருத்திக்கும் மைதானத்தில் இன்ன இடம் என்று உண்டு, அதைத் தாண்டினால் குற்றம். வளையத்துக்குப் பின்னால் பலகையும் கிடையாது, பந்து நேரே உள்ளே விழ வேண்டும். இவை எல்லாம் அவள் உடம்பில் ஊறியிருந்தன. முதல் நாள் பந்தைப் பிடித்த உடனேயே அவள் சட்டென்று நிற்க, பின்னால் ஓடிவந்த இரண்டு பேர் அவள்மேல் மோதி விழுந்தார்கள். எதிரில் நின்றவள் நெருங்கி வந்தபோது, "இஞ்சை பாருங்கோ மிஸ், இவ என்ர மேல வாறா!" என்று தமிழிலேயே முறைப்பாடு வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, நடுக்கோட்டைக் கண்டதும் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைத் தொலைத்தவள் போல நின்றுவிட்டாள். "ஓடு மச்சாள், ஓடு!" என்று நான் கத்தினேன். அவள் என்னைப் பார்த்து, மிக நிதானமாக, "எடி, அங்கால என்ர இடமில்லை" என்றாள்.

கோட்டைத் தாண்டப் பழகிவிட்டாள். நெருங்கி நிற்பவர்களைச் சகித்துக்கொள்ளவும் பழகிவிட்டாள். பந்தைத் தட்டத்தான் கடைசிவரை வரவில்லை. தட்டச் சொன்னால் குனிந்து பந்தையே பார்ப்பாள், மூன்றாவது தட்டில் பந்து ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் போவார்கள். அதனால் எங்களோடு படித்த இரண்டு வருடமும் பெரும்பாலும் ஓரத்தில், மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் வாங்கில்தான் இருந்தாள். ஆட்டம் எப்படியும் வென்றாயிற்று என்றால் கடைசியில் மிஸ் அவளை இறக்குவார். அதற்காக அவள் முகம் கோணி நான் பார்த்ததில்லை. ஆனால் பயிற்சி முடிந்து நாங்கள் சிப்ஸ் வாங்கப் போகும்போது அவள் வரமாட்டாள். வெறும் மண்டபத்தில் தனியே நின்று, வளையத்துக்கு எறிந்துகொண்டிருப்பாள். பலகையை உரசாமல் பந்து வலைக்குள் விழுந்து வரும் அந்தச் சத்தம் வாசல்வரை கேட்கும்.

அவளுடைய கவலை வேறு. படிக்க வேண்டும், அதுவும் பொறியியல் படிக்க வேண்டும். அரசாங்க உதவியோடு இங்கே பல்கலைக்கழகம் போவதென்றால் இந்த நாட்டில் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்க வேண்டும் என்று கவுன்சிலில் சொல்லிவிட்டார்கள். மாமா நல்ல மனிதர், மகள்மேல் உயிரை வைத்திருந்தவர். அதுவரைக்கும் தான் வேலை செய்கிற சுப்பர்மார்க்கெட்டிலேயே, காசு வாங்கும் ரில்லில் அவளுக்கும் ஒரு வேலை எடுத்துத் தருகிறேன் என்றார். "கொஞ்ச நாளைக்குத்தானே பிள்ளை" என்றார். அந்தக் கொஞ்ச நாள் எங்கள் தெருவில் எத்தனை பேரை விழுங்கியது என்று மச்சாளுக்குத் தெரியும். ஊரில் கணக்காளர்களாகவும் டீச்சர்மாராகவும் இருந்தவர்கள் கடைகளில் ஷிப்ட் முடிந்து களைத்துப்போய்த் திரும்புவதை அவள் தினமும் ஜன்னலில் நின்று பார்த்தவள். "அந்த ரில்லில இருந்தன் எண்டால் நான் பிறகு எழும்பமாட்டன்" என்று எனக்கு மட்டும் சொன்னாள். அப்போதுதான் மிஸ் அந்தப் போட்டியைப் பற்றிச் சொன்னார். தெற்கு லண்டனில் ஒரு பெரிய மண்டபத்தில் பள்ளிக்கூடப் பெண்கள் அணிகள் விளையாடும், அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து பயிற்சியாளர்கள் வந்து பார்ப்பார்கள், பிடித்தவர்களுக்கு அங்கே இலவசமாகப் படிக்க இடம் கொடுப்பார்கள்.

கல்லூரிக்காரர்கள் மகளைப் பார்க்க வருகிறார்கள் என்று கேட்டதும் மாமிக்கு ஒன்றே ஒன்றுதான் விளங்கியது, பலகாரம் செய்ய வேண்டும். "அவை விளையாட்டுப் பாக்க வருகினம் அப்பா, பொம்பிளை பாக்க இல்லை" என்று மாமா சொல்லிப் பார்த்தார். "எதைப் பாக்க வந்தாலும் எங்கட பிள்ளையைத் தேடி வாற சனத்துக்கு முன்னால வெறுங்கையோட நிக்கேலுமே?" என்று மாமி அவர் வாயை அடைத்தார். சனிக்கிழமை காலை, சிவப்புக்கரைச் சேலைக்கு மேல் குளிர் கோட்டு மாட்டிக்கொண்டு, இரண்டு பெரிய தட்டு நிறைய மட்டன் றோல்சும் வடையுமாக மாமி மண்டபத்துக்குள் நுழைந்த காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மாமா கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். எனக்கு வெட்கமாய்ப் போய், சப்பாத்துக் கயிற்றை நெடுநேரம் கட்டிக்கொண்டிருந்தேன். மச்சாள் ஓடிப்போய்த் தாயின் கையிலிருந்து ஒரு தட்டை வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு எல்லோரும் பார்க்க வந்தது வடக்கு லண்டனிலிருந்து வந்த எட்மண்டன் அணியின் ஒரு பெண்ணைத்தான். மெல்லிய உடம்பு, இறுக்கிப் பின்னிய தலைமயிர், கை மட்டும் சரியான வேகம். யார் பந்தைத் தட்டினாலும் அது நிலத்திலிருந்து திரும்பி எழும்புவதற்குள் பறித்துக்கொண்டு போய்விடுவாள். அமெரிக்கக்காரர்கள் வண்ண வண்ண மேற்சட்டைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பித் தவறி நாங்கள் இறுதியாட்டத்துக்கு வந்து, அவளிடமே மாட்டிக்கொண்டோம். முதல் பாதியில் என் கால்நடுத் தட்டும் முதுகுத் தட்டும் ஒன்றுக்கும் உதவவில்லை. நான் தட்டுவேன், அவள் எடுப்பாள், அவ்வளவுதான். சின்னப் பிள்ளையின் கையிலிருந்து இனிப்பைப் பறிப்பதுபோல் பறித்தாள். இடைவேளையில் மிஸ் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், வாங்கின் நுனியில் இருந்த மச்சாளைப் பார்த்து, இறங்கு என்று தலையை அசைத்தார்.

அவள் இறங்குவதற்கு முன் எங்களை வட்டமாகக் கூப்பிட்டாள். அப்போதும் அவளுடைய ஆங்கிலம் தயங்கித் தயங்கித்தான் வரும். பந்தை நிலத்தில் போடாதீர்கள், யாருமே போடாதீர்கள், பிடியுங்கள், நில்லுங்கள், கொடுங்கள் என்றாள். மற்றப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். "தட்டாமல் எப்பிடியடி கொண்டுபோறது?" என்று நான் தமிழில் கேட்டேன். "அவ நிலத்தில இருந்துதானே எடுக்கிறா? நிலத்தில போடாட்டி எதை எடுக்கிறது?" என்றாள். இவ்வளவு எளிய விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

இரண்டாம் பாதியில் பந்து நிலத்தைத் தொடவேயில்லை என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் பெரிய மிகையில்லை. மச்சாள் பிடிப்பாள், நிற்பாள், தலையைத் திருப்பாமலே பக்கத்தில் யார் தனியாக நிற்கிறாள் என்று கண்டுபிடித்து எறிந்துவிட்டு வேறிடம் போவாள். முதலில் தடுமாறிய நாங்களும் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டோம். எட்மண்டன்காரி பந்துக்குப் பின்னால் அங்குமிங்கும் ஓடினாள். அவள் போய்ச் சேரும்போது பந்து இன்னொருத்தியின் கையில் இருந்தது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பறிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. வரிசையாக உட்கார்ந்திருந்த அமெரிக்கக்காரர்களில் ஒரு பெண்மணி, சாம்பல் நிறத் தலைமயிரும் பச்சை மேற்சட்டையுமாக இருந்தவர், எழுந்து மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு அருகே வந்து நின்றுகொண்டார். மேலே பார்வையாளர் வரிசையில் மாமா, ஒரு விதியும் விளங்காமல், எங்கள் பிள்ளைகள் யாருக்காவது பந்து வந்தபோதெல்லாம் கை தட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிச் சில செக்கன்களில் நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து என்னிடம் இருந்தது. தட்டிக்கொண்டு பாய வேண்டும் என்று கை துடித்தது, பெரிய வேலைதான், அடக்கிக்கொண்டு மச்சாளிடம் எறிந்தேன். வளையத்துக்குச் சற்றுத் தள்ளி அவள் பிடித்தாள், இரண்டு காலும் சேர நின்றாள். எட்மண்டன்காரி அவளை மறைத்துக்கொண்டு பாய்ந்து எழும்பினாள். யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் பதறி எறிந்திருப்பார்கள். மச்சாள் எறியவில்லை. எட்மண்டன்காரி எழும்பி, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒற்றைக் கையால் பந்தை மேலே அனுப்பினாள். பலகையில் படவில்லை, வளையத்திலும் படவில்லை, நேரே வலைக்குள் விழுந்தது, ஆட்டமும் முடிந்தது. மண்டபம் முழுக்க எழுந்து கத்தியது. நான் ஓடிப்போய் அவள் முதுகில் ஏறிக்கொண்டேன். எட்மண்டன்காரி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, நீ இவ்வளவு நாளும் எங்கே இருந்தாய் என்று கேட்டாள். "வாங்கில" என்று நான் தமிழில் சொல்லிக்கொண்டேன்.

மண்டபம் கலைந்த பிறகும் அந்தப் பச்சை மேற்சட்டைப் பெண்மணி மச்சாளை விடவில்லை. அவரும் அவருடைய கல்லூரியிலிருந்து வந்த இன்னொருவரும் அவளை எறியவைத்தும் ஓடவைத்தும் நெடுநேரம் பார்த்தார்கள். தட்டச் சொன்னார்கள், பந்து வழக்கம்போல ஒரு பக்கம் போனது. பெண்மணி சிரித்தார். பந்தைத் தட்ட யாருக்கும் ஒரு கோடை விடுமுறையில் சொல்லிக்கொடுத்துவிடலாம், இந்தப் பிள்ளைக்கு இருக்கிற பார்வையைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்றார். பரீட்சை முடிவு சரியாக வந்தால் இடம் உண்டு என்று அங்கேயே மாமாவிடம் சொன்னார். அவ்வளவு தூரம் தனியே அனுப்புவதா என்று மாமா இழுத்தபோது, "ஷெல்லுக்கு நடுவில நடந்து பள்ளிக்கூடம் போனவள், அமெரிக்காவுக்குப் போகமாட்டாளே?" என்று மாமி ஒரே வெட்டாக வெட்டினார். மச்சாள் சுவரில் சாய்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, நான் இரண்டும் செய்துகொண்டிருந்தேன். அந்த வருடமே அவள் போனாள், பொறியியல் படித்தாள், இப்போது அங்கே பாலங்களுக்கு வரைபடம் போடுகிறாள். தட்டவும் பழகிவிட்டாளாம், நான் இன்னும் நம்பவில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமையில் எனக்கு மிகப் பிடித்தது இதற்கும் பிறகு நடந்தது. மாமி தட்டை நீட்டினார், அந்தப் பச்சை மேற்சட்டைப் பயிற்சியாளர் ஒரு றோல்சைக் கடித்து, உறைப்பில் கண் கலங்கி, இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். மென்றபடியே மச்சாளிடம் கேட்டார், ஊரில் நீ படித்த பள்ளிக்கூடத்து நெட்போல் அணியில் நீதானே நட்சத்திரம்? மச்சாள் திகைத்துப்போனாள். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். தான் அங்கே றிசேவ் என்றாள், விளையாடும் ஏழு பேரில் யாருக்காவது காயம் வந்தால் இறக்க வைத்திருந்த ஆள். பயிற்சியாளர் அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தார். மாமா மாமியைப் பார்த்தார். "ஓம், உண்மைதான்" என்றார் மாமி. "நெட்போல் மச் எண்டால் இவள் மற்றப் பிள்ளையளுக்குத் தோடம்பழம் வெட்டிக் குடுத்துக்கொண்டு கரையில நிப்பாள். அந்தப் பிள்ளையள் விளையாடினால் நீங்கள் பாக்கோணும்."

நான் மொழிபெயர்த்தேன். பயிற்சியாளர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். அந்த ஏழு பேரும் இப்போது எங்கே என்று கேட்டார். மச்சாள் ஒவ்வொருத்தியின் பெயராகச் சொன்னாள். ஒருத்தி வன்னியில், ஒருத்தி கனடாவில், ஒருத்திக்குக் கல்யாணமாகிவிட்டது, மற்றவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. தன் அணியை மேடைக்கு அழைப்பவளைப் போல நிமிர்ந்து நின்றே சொன்னாள். பெண்மணி தன்னோடு வந்தவரைத் திரும்பிப் பார்த்து, "அப்படியென்றால் நாங்கள் பிழையான ஊருக்கு ஆட்கள் தேடி வந்திருக்கிறோம்" என்றார்.

மாமா அதைத் தமிழில் மாமிக்குச் சொன்னார். மாமி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தட்டை மறுபடியும் பெண்மணியின் பக்கம் நீட்டி, "பின்னை என்ன?" என்றார்.