ஒரே தட்டு, இரண்டு உடம்பு

முடிதிருத்துநருக்குச் சமத்துவத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. கடைக்கு யார் வந்தாலும் ஒரே கத்தரி, ஒரே மரியாதை. ஒரே துண்டு என்பது சிலருடைய புகார். மனைவியின் முழங்காலைப் பார்த்த டாக்டர், "எடை குறைஞ்சாத்தான் ஆபரேஷனுக்குத் தேதி" என்றதும் அன்றே வீட்டில் சட்டம் போட்டார்: இனி இருவருக்கும் ஒரே அளவு சாப்பாடு. தராசு வந்தது. தன் தொப்பையையும் பொதுநலனுக்காகத் தியாகம் செய்வதாக அறிவித்தார்.

தொப்பை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். தையல்காரியான மனைவியின் எடையோ கொஞ்சம் இறங்கியது, பிறகு அலுவலகக் கோப்பு மாதிரி நகர மறுத்தது.

"ஆளுக்குப் பாதிதானே சாப்பிடுறோம்? எனக்குக் கரையுது, உனக்கு ஏன் கரையல?"

"எனக்கென்னங்க தெரியும்? என் உடம்பைக் கேளுங்க."

"நான் கடைக்குப் போனப்புறம் பிஸ்கட் டப்பா திறக்குதோ?"

மனைவி தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தார்.

மறுநாள் டப்பாவுக்குப் பூட்டு வந்தது. பூட்டியதோடு விட்டாரா? கடையில் முகத்தில் நுரையோடு வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களிடம் எல்லாம், "வீட்டுலயே ஒரு திருடி இருந்தா என்ன செய்ய?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சாயங்காலத்துக்குள் அளவு கொடுக்க வந்த ஒரு பெண் வழியாக வீட்டுக்கே திரும்பி வந்தது. "அக்கா, பூட்டே போட்டுட்டாராமே?"

அன்றிலிருந்து தையல்காரி தன் பாதியிலும் பாதியை ஒதுக்கினார். கை சில்லிட்டது. தலை சுற்றியது. எடை மட்டும் அசையவில்லை. மாடிப்படிக்கு முன்னால் நின்று அழுகையை அடக்கிக்கொள்ளும் நிலைக்கு முழங்கால் வந்துவிட்டது.

மருத்துவமனையின் உணவு ஆலோசகரிடம் கணவர் முந்திக்கொண்டு கேட்டார்: "நான் இல்லாதப்ப சாப்பிட்டா காட்டிக் குடுக்கிற டெஸ்ட் ஏதாவது இருக்காம்மா?"

அந்த அம்மாள் தையல்காரியின் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார். தைராய்டு சரியாகவே இருந்தது.

"நீங்க நாள் பூரா நின்னு வேலை செய்றீங்க. நாற்காலியைச் சுத்தி நடக்கிறீங்க. இப்பக்கூடக் காலை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க. அதுக்கும் சக்தி செலவாகுது."

கணவரின் கால் சட்டென்று நின்றது.

"அவங்க உங்களைவிடச் சின்ன உடம்பு. தசையும் கம்மி. சும்மா இருக்கும்போதே உங்களுக்குச் செலவாகிறது அவங்களுக்குச் செலவாகாது. வயசு ஏற ஏறத் தசை இன்னும் குறையும். வலியில தூக்கமும் இல்ல, உட்கார்ந்தே வேலை. ரொம்பப் பட்டினி போட்டா உடம்பு செலவைச் சுருக்கிடும், தசையையும் சேர்த்துக் கரைச்சிடும். அவங்க எதையும் திருடலைங்க."

"அப்ப என்ன செய்யணும்?"

"இப்ப சாப்பிடுறதைவிடக் கூடச் சாப்பிடணும். பருப்பு, முட்டை. உட்கார்ந்தபடியே கால் தூக்குற பயிற்சி."

"சாப்பிட்டு இளைக்கணுமா!" சமத்துவவாதிக்கு உலகமே தலைகீழானது.

தட்டுகள் தனித்தனியாகின. எடை மெல்ல, மிக மெல்ல இறங்கியது. டாக்டர் இன்னும் தேதி கொடுக்கவில்லை. ஆனால், "வர்ற தடவை பேசுவோம்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவர் டப்பாவின் சாவியை நீட்டினார். மனைவி வாங்கவில்லை.

"இது எனக்கெதுக்கு? பூட்டு போட்டது வீட்டுல. பேரைக் கெடுத்தது கடையில."

மறுநாள் காலை, கடையில் கூட்டம் நிரம்பிய நேரம், மனைவி நொண்டி நொண்டி உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது.

"அது வந்து..." கணவர் கண்ணாடியைப் பார்த்தபடி முனகினார். "அவ ஒண்ணும் திருடல. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

"பின்னாடி பெஞ்சுக்குக் கேக்கலைங்க" என்றார் மனைவி.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்று இன்னொரு முறை சொன்னார்.