கேஜுல போகாத ஆள்

பருத்திப்பட்டுக் கழனிகளில் நாற்று நட்டுக்கொண்டிருந்த கஸ்தூரி, புருஷன் போன பிறகு அம்பத்தூரில் ஒரு சின்ன லேத்துப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அறுபத்தொன்பதாம் வருஷம். கடைந்து வரும் இரும்புப் பின்களை ஓர் எஃகு வளையத்தில் விட்டுப் பார்ப்பது அவள் வேலை. வழுக்கிக்கொண்டு இறங்கினால் சரக்கு, முட்டி நின்றால் கழிவு. அந்த வளையத்துக்குப் பேர் கேஜ்.

"அது இன்னா பேரு பாய்?" என்று ஃபிட்டர் பஷீருதீனைக் கேட்டாள்.

"துணிக்கடையில கெஜம்னு அளக்கிறான்ல, அதான் தங்கச்சி. வெள்ளக்காரன் வாயில பூந்து கேஜுன்னு வந்துட்ச்சு. என் சொந்த ஆராய்ச்சி. யாராண்டயும் சொல்லிடாத, சிரிப்பானுங்க."

பட்டறையில் அந்தச் சொல் மனுஷர் மேலும் ஏறியிருந்தது. நம்பிக்கையானவன் 'கேஜுல போற ஆளு'. மற்றவன் போகாத ஆளு. கஸ்தூரிக்கு அது பிடிக்காது. மனுஷரை அளக்கிற வளையம் அம்மன் கையில் அல்லவா இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை, லேத்துக்காரன் உத்தமன் கடைந்த பின்களில் ஒன்றுகூட வளையத்தில் இறங்கவில்லை. போன வாரமே அவன் கை பிசகிக் கழிவு விழுந்திருந்தது. இன்னொரு தபா ஆனால் வேலை கிடையாது என்று முதலாளி ஏகாம்பரம் சொல்லியிருந்தார். அவன் பெண்டாட்டிக்கோ நிறைமாசம்.

"கேஜுல போகாத ஆளுடா நீ! சட்டைய மாட்டிகினு கெளம்பு."

"ஒயுங்காத்தான் முதலாளி கடைஞ்சேன். அம்மா மேல சத்தியம்!"

"சத்தியம் பண்ணா பின்னு எறங்குமா?"

கஸ்தூரிக்கு மனசு கேட்கவில்லை. பூஜைக்கு முன்னால் தேறிய பின் ஒன்றை எடுத்து விட்டுப் பார்த்தாள். அதுவும் முட்டியது. வளையத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பூஜையில் முதலாளி தன் கையாலேயே ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டு வைத்தார். வளையத்துக்கு நெற்றி ஏது? உள்ளே விரலை விட்டுச் சந்தனத்தைப் பூசிவிட்டார். காலையில் இவள் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்திருந்தாள். உள்ளே இருந்தது சாமி சந்தனம், தொட மனசு வரவில்லை.

சொன்னால் பூஜையைக் குறை சொன்னதாகும். கோபத்தில் முதலாளி இவளையும் அனுப்பிவிடுவார். உத்தமன் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

"முதலாளி!" அவள் வளையத்தை நீட்டினாள். "அவுரு மேல தப்பில்ல. நீங்க வெச்ச சந்தனம் உள்ள காஞ்சிகினு கீது. பூசைக்கு முன்னாடி தேறுன பின்னும் எறங்கல, பாருங்க."

ஏகாம்பரம் வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சிவந்தது.

"தொடைக்கிறதுக்கு இன்னாமே?"

"சாமிக்கு வெச்சதாச்சே. நீங்களே எடுங்க."

அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வேட்டித் தலைப்பால் உள்ளே துடைத்தார். உத்தமனின் பின்னை விட்டார். சர்ரென்று இறங்கி மேஜையில் விழுந்தது.

"இன்னாடா பாத்துகினு நிக்கிற? சட்டைய கயட்டு, லேத்த ஓட்டு" என்றார். பிறகு கஸ்தூரி பக்கம் திரும்பாமலே, "அடுத்த வருசத்துலேந்து கேஜுக்குப் பூசை கெடையாது" என்றார்.

"ஐயையோ, அப்டி சொல்லாதீங்க முதலாளி. வெளிப்பக்கமா வைங்க, போதும்."

பஷீருதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.