இடது கைக்கு ஒரு வில்

நாற்பது வயதில் வில் வாங்கப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அழகர்கோவில் சாலையில் ஒரு தென்னந்தோப்பை ஒட்டி வில் பழகும் திடல் இருக்கிறது. மூன்று மாதம் ஞாயிறுதோறும் அங்கே இரவல் வில்லோடு மல்லுக்கட்டினேன். அம்பு இலக்கைத் தவிர மற்ற இடமெல்லாம் போனது.

எனக்குப் பிடித்தது தட்டை வில். சக்கரமோ குறிபார்க்கும் கருவியோ கிடையாது. அகலமாக, தட்டையாக இழைத்த மரம், ஒரு நாண், அவ்வளவுதான். பிடிக்கு மேலே அம்பு உட்கார ஒரு பக்கம் மட்டும் சின்னதாக வெட்டியிருப்பார்கள். எந்தக் கையால் நாணை இழுப்பது என்பது அந்த வெட்டைப் பொறுத்தது.

திடல் நடத்துபவரே வில்லும் விற்பார். முதல் வில்லுக்கு இருபத்தைந்து பவுண்டு இழுவை போதும், அதற்கு மேல் போனால் தோள்பட்டை போய்விடும் என்றார். தலையாட்டினேன். பிறகு அவர் எடுத்து வைத்தது, அந்த இரவல் வில்லைப் போலவே வலது கையால் இழுக்கிற வில்.

"நான் நொட்டாங்கைண்ணே."

"அதுக்கு ஆர்டர் போட்டு ரெண்டு மாசம் காத்துக் கெடக்கணும்மா. இதுலயே இழுங்க, பழகிரும்."

பழகிரும். ஒன்றாம் வகுப்பில் என் இடது மணிக்கட்டை ரிப்பனால் நாற்காலியில் கட்டிவிட்டு, வலது கையில் பென்சிலைத் திணித்தபோது அம்மாவும் இதைத்தான் சொன்னாள். பழகித்தான் போனது. இன்றைக்கும் என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். பந்தியிலும் கோயிலிலும் இடது கையை முந்தானைக்குள் ஒளித்தே பாதி ஆயுசு போயிற்று. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"ஒருதடவ பழகிட்டேண்ணே. போதும். ஆர்டர் போடுங்க."

வில் வந்த அன்று அம்மாவும் கூட வந்திருந்தாள். அவர் வில்லை நீட்டவும் என் முழங்கையை இடித்தாள்.

"மொத மொத வாங்குற பொருளு. சோத்தாங்கையில வாங்குடி."

இடது கையை நீட்டினேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தார்.

வில்லை வலது கைக்கு மாற்றி, இடது கையால் நாணைக் கன்னம் வரை இழுத்து விட்டேன். அம்பு வைக்கோல் இலக்கின் ஓரத்தில் குத்தி நின்றது. ஓரமோ நடுவோ, அது நான் விட்ட அம்பு. தொடர்ந்து எய்துகொண்டே இருந்தேன். விரல்கள் சிவந்துவிட்டன. அம்மா கிட்டே வந்து என் இடது கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏண்டி, எம்புட்டு செவந்துருக்கு! வலிக்கலையா?"

"இல்லம்மா. கட்டி வச்சிருந்தப்பதான் வலிச்சுச்சு."